லுவெல்லாவின் கதையைப் படமெடுத்தார்கள்

சினிமாக்காரர்கள் வந்த கோடையில் எங்கள் கார்னிவல் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நின்றது. அதற்கு முன் அப்படி நின்றதே கிடையாது. ஓர் ஊருக்குப் போவோம், சனிக்கிழமை வரை ஆடுவோம், ராட்டினங்களைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவோம். இந்த முறை நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றுக்குப் பக்கத்தில், சுற்றிலும் சோளக்காட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு பொருட்காட்சி மைதானத்தில் எல்லாவற்றையும் மாட்டி நிறுத்திவைக்கச் சொன்னார்கள். ராட்டினங்கள் ஓட வேண்டும், நாங்கள் எங்கள் கடைகளில் நிற்க வேண்டும். வாடிக்கையாளர்கள் மட்டும் அவர்கள் பேருந்தில் கூட்டிவந்த ஆட்கள். நான் வாத்துக் குளம் நடத்துகிறவள். தண்ணீரில் மிதக்கும் மர வாத்து ஒன்றை எடுத்து, அடியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு என்ன பரிசோ அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சினிமாக் கூட்டம் ஷாட் முடிந்ததும் வரிசையில் வந்து பொம்மைகளைத் திருப்பிக் கொடுத்தது. என் ஆயுளில் அப்படி நாணயமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

படத்தின் கதை, வசனம், பாட்டு எல்லாம் லயனல் கிரீவ்ஸ். இந்த லயனல் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கோடை முழுக்க எங்களோடு சுற்றியவன். ஜெயன்ட் வீலுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். வெயில் தாங்காது, மழை தாங்காது, வெங்காய வாசனை தாங்காது. இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டைரக்டருக்குப் பக்கத்தில் துணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனை லயனல் என்று கூப்பிடுவதா, மிஸ்டர் கிரீவ்ஸ் என்று கூப்பிடுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் முதல் சில நாள் யாரும் அவனைக் கூப்பிடவே இல்லை.

படம் யாரைப் பற்றியது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

கதாநாயகியாக நடித்தவள் பெயர் கோரின். மெலிந்த பெண், நல்ல மாதிரி. அவள் குதிரை ராட்டினத்தின் டிக்கெட் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள், மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள், "வாங்க, வாங்க! எங்க குதிரைக்குப் புல்லு வேணாம், உங்க சில்லறை போதும்!" என்றாள். அப்புறம் பாட ஆரம்பித்தாள்.

நாங்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். டைரக்டர் திரும்பி முறைத்தார். அந்தக் கூண்டு லுவெல்லாவின் கூண்டு. அந்தத் தட்டு லுவெல்லாவின் தட்டு. அந்த வசனத்தை அவள் கான்சாஸிலும் அயோவாவிலும் பேசி நாங்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தோம். லுவெல்லா அந்த ராட்டினத்தின் சொந்தக்காரன் டெல்பர்ட்டின் மனைவி. டிக்கெட் கொடுத்துக்கொண்டே மைக்கில் பாடுவாள். குரல் அப்படியொன்றும் பெரிய குரல் இல்லை, ஆனால் மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் நம்மிடம் பேசுவது போல இருக்கும்.

"பாத்தியா ஐவா, நான் சினிமாவுக்குப் போயிட்டேன்" என்று லுவெல்லா என் விலாவில் இடித்தாள்.

"நீ எங்கடி போன? உன்னைவிட இருபது பவுண்டு கம்மியா ஒருத்தி போயிருக்கா."

"போடி. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் இந்த அளவுதான் இருந்தேன்."

அன்று மதியம் எடுத்த காட்சியில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கதாநாயகி சமையல் கூடாரத்தில் எல்லோர் முன்னாலும் தன் புருஷனைப் பார்த்து, "உன் மரக் குதிரைக்கெல்லாம் வருஷா வருஷம் புதுப் பெயிண்ட் அடிக்கிற. எனக்கு ஒரு கவுன் வாங்கித் தர உனக்குத் தோணுச்சா?" என்று கேட்கிறாள். இதுவும் நடந்ததுதான். லுவெல்லா இதே வார்த்தைகளை டெல்பர்ட்டிடம் கேட்டபோது நான் பக்கத்து மேஜையில் பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லயனல் அன்று எங்கே உட்கார்ந்திருந்தான் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் இருந்திருக்கிறான்.

டெல்பர்ட் கையைக் கட்டிக்கொண்டு அந்தக் காட்சி முடியும்வரை நின்று பார்த்தான். பிறகு லுவெல்லாவிடம், "கவுன் வாங்கித் தந்தேன்ல?" என்றான்.

"தந்த, தந்த."

"அதை ஏன் இதுல போடல?"

"என்னை ஏன் கேக்குற? எழுதினவனைக் கேளு."

அடுத்த வாரம் ஜெயன்ட் வீல் காட்சி எடுத்தார்கள். எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

கதையில் இப்படி வருகிறது. புயல் அடிக்கிறது. கதாநாயகி உச்சி இருக்கையில் தனியாக இருக்கும்போது ஜெயன்ட் வீல் நின்றுவிடுகிறது. அதை ஓட்டுகிறவன், ஊமை மாதிரி இருக்கும் ஒரு முரட்டு அழகன், மழையில் நனைந்துகொண்டே கம்பிகளைப் பிடித்து ஏறி அவள் பக்கத்தில் போய் உட்காருகிறான். இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் காதலர்கள் ஆகிவிடுகிறார்கள். ஊர் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து மழை பெய்ய வைத்தார்கள். ஏற்கெனவே பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட, அவர்கள் மேலே உட்கார்ந்து வாயசைத்தார்கள். குழாய்த் தண்ணீர் கோரினின் மூக்கில் ஏறி அவள் இருமினாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடி, மறுபடி.

எங்கள் ஜெயன்ட் வீலை ஓட்டுகிறவன் ஆர்விட். மினசோட்டாவில் ஒரு ஸ்வீடன்காரக் குடும்பத்தில் பிறந்தவன். கல்யாணம் ஆகாதவன், அதிகம் பேசாதவன், கையில் எப்போதும் கிரீஸ். முரட்டு அழகன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. அவன் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

அன்று சமையல் கூடாரத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். டெல்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"சலைனாவுல நடந்ததுதானே அது?"

கான்சாஸில் சலைனா என்ற ஊரில் ஒரு முறை வீல் நின்றது உண்மைதான். காற்று கிளம்பியபோது எஞ்சின் செத்துவிட்டது, லுவெல்லா உச்சியில் மாட்டிக்கொண்டாள்.

"அதுக்கு இப்ப என்ன?" என்றாள் லுவெல்லா.

"மேல ஏறி வந்தது நான்."

"நீயா? நீ கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. ஏறி வந்தது ஆர்விட்."

"நான் ஏறினேன் லுவெல்லா. கை வழுக்கினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

ஆர்விட் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாதி தூரம் ஏறினீங்க. தலை சுத்துதுன்னு இறங்கிட்டீங்க" என்றான்.

டெல்பர்ட் அவனைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சைத் திருப்பலாம் என்று நான் சொன்னேன், "ஏம்பா, இதுக்குப் போய் சண்டையா? மேல என்ன நடந்துச்சுன்னு என்னைக் கேளுங்க. நானும்தான் அந்த சீட்ல இருந்தேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ இருந்தியா?" என்றாள் லுவெல்லா.

"உன் பக்கத்துல! உன் நகம் என் கையில பதிஞ்சு ரத்தம் கட்டிப்போச்சே!"

"அது டொபீகாவுலடி. பேய் வீட்டுக்குள்ள போனோமே, அப்ப."

"டொபீகாவுல நாம பேய் வீட்டுக்கே போகல."

"நீ கீழ நின்னு கத்திக்கிட்டிருந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம்" என்றான் டெல்பர்ட். ஆர்விட் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பாவம், நேர்மையான ஆள். "இருந்திருக்கலாம்" என்றான்.

நான் இருந்தேன். பொரித்த வெங்காயப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, மேலேயிருந்து ஊரைப் பார்க்கலாம் என்று நாங்கள் இரண்டு பேரும்தான் ஏறினோம். மழையெல்லாம் இல்லை. வெறும் காற்று, கண்ணெல்லாம் தூசி. லுவெல்லாவுக்கு உயரம் என்றால் ஆகாது, அது மேலே போன பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. பயத்தை அடக்க வாய்க்கு வந்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். ஆர்விட் இடுப்பில் கயிறு கட்டி, தோளில் ஒரு காபி பிளாஸ்கையும் தொங்கவிட்டுக்கொண்டு ஏறி வந்தான். லுவெல்லா, "அப்பாடா, வந்தாச்சா! இனி பயமில்ல" என்றாள். அது காபிக்குச் சொன்னது என்றுதான் நான் நினைத்தேன். முதலில் பிளாஸ்கைத்தானே பிடுங்கினாள். ஆர்விட் கம்பியில் நின்றபடி எஞ்சின் சரியாகும்வரை அவள் பாடியதைக் கேட்டான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆர்விட் என் வாத்துக் குளத்துக்கு வந்தான். ஒரு வாத்தை எடுத்து, எண்ணைப் பார்க்காமலே திரும்பத் தண்ணீரில் விட்டான்.

"ஐவா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக்கூடாது."

"சிரிச்சா என்ன பண்ணுவ? கேளு."

"எனக்கு லுவெல்லாவைப் பிடிக்குமா?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாதபடி அவன் முகம் இருந்தது.

"அதை என்கிட்ட கேட்டா எப்படிப்பா?"

"லயனல் நாள் பூரா என் பக்கத்துலதான் நின்னான். அவன் பாத்தது எல்லாம் சரியா எழுதியிருக்கான். மைக்கைத் தட்டுறது, கவுன் சண்டை, நான் கையைத் துடைக்கிற துணி, எல்லாமே. அப்ப இதையும் பாத்துதானே எழுதியிருப்பான்? எனக்கே தெரியாம என் மூஞ்சில எதாவது தெரிஞ்சிருக்குமோ?"

"உனக்கு என்ன தோணுது?"

"முன்னாடி ஒண்ணும் தோணல. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதுலேருந்து தோணுது. ஆனா அது அந்தப் பாட்டாலயா, இல்ல..." இன்னொரு வாத்தைத் தொட்டுத் தள்ளினான். "அன்னைக்கு அவங்க, வந்தாச்சா, இனி பயமில்லன்னு சொன்னாங்க. அது என்னைத்தானே?"

காபியை என்று சொல்ல என் நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதுவும் மாறியிருக்குமா என்றும் தெரியவில்லை. நான் அந்த இருக்கையில் இருந்ததையே ஒப்புக்கொள்ளாதவர்களிடம் காபியைப் பற்றிச் சாட்சி சொல்லி என்ன பிரயோஜனம்?

டெல்பர்ட் நேராக லயனலிடம் போனான். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். லயனல் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

"மிஸ்டர் கிரீவ்ஸ்" என்று டெல்பர்ட் ஆரம்பித்தான்.

"லயனல்னே கூப்பிடுங்க டெல்பர்ட்."

"சரி, லயனல். நீ என்ன பாத்த?"

"எப்ப?"

"என் பொண்டாட்டியும் ஆர்விட்டும். நீ எதையோ பாத்துதானே எழுதியிருக்க?"

லயனல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணாடி இல்லாமல் அந்தப் பழைய டிக்கெட் கிழிக்கிறவன் மாதிரியே இருந்தான். "நான் கீழ நின்னேன். மேலேருந்து பாட்டு மட்டும் கேட்டுச்சு. காத்துல விட்டு விட்டுக் கேட்டுச்சு. யார் பாடுறா, யாருக்குப் பாடுறான்னு எனக்குத் தெரியல. அப்புறம் ரொம்ப நாள் அது மனசுலயே இருந்துச்சு. படம் எழுத உக்காந்தப்ப அந்த இடத்துல ஒரு காதல் தேவைப்பட்டுச்சு. அவ்வளவுதான்."

"அப்ப பொய்யா?"

"பொய்னு சொல்ல முடியாது. கதை."

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லுய்யா!"

"எனக்கே இப்ப பிரிச்சுச் சொல்லத் தெரியல டெல்பர்ட். பத்துப் பதினஞ்சு தடவை திருத்தி எழுதியாச்சு. முதல்ல எழுதினது என்னன்னே மறந்துடுச்சு."

டெல்பர்ட் திரும்பிப் போய்விட்டான். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"அந்த சீட்ல நானும் இருந்தேன் லயனல்."

"மூணு பேர் உக்காந்தா காதல் பாட்டு எப்படிப் பாடுறது ஐவா?" என்றான், ரொம்ப அன்பாக.

"அப்ப நான் இருந்தது உனக்குத் தெரியும்?"

"எது?" என்றான். அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

அந்த நாட்களில் லுவெல்லா என்ன நினைத்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. கூண்டு சினிமாவுக்குப் போய்விட்டதால் அவளுக்கு வேலை இல்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கோரின் தன்னைப் போல நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கோரினே அவளிடம் வந்து புல்லில் உட்கார்ந்தாள்.

"உங்களை ஒண்ணு கேக்கலாமா? கடைசியில இவ புருஷனை விட்டுட்டு லாரியில ஏறிப் போறா. ஏன் போறான்னு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. நீங்க ஏன் போனீங்க?"

"நான் எங்க போனேன்? இங்கதானே இருக்கேன்."

கோரின் குழம்பிப் போய் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "போய்ட்டுத் திரும்பி வந்துட்டீங்களா?"

"போகவே இல்லம்மா."

"ஐயோ, மன்னிச்சிடுங்க. நீங்க போனதாத்தான் எனக்குச் சொன்னாங்க." அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டே யோசித்தாள். "அப்ப ஏன் போகலன்னாவது சொல்லுங்க. அதை வச்சுப் புரிஞ்சுக்கிறேன்."

லுவெல்லா வாயைத் திறந்தாள். என்னமோ சொல்லப் போகிறாள் என்று நானும் குனிந்தேன். மூடிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. டெல்பர்ட் சாப்பிடக் கூப்பிட்டபோது, "எனக்கே தெரியலங்கிறேன், அப்புறம் என்ன?" என்று எரிந்து விழுந்தாள். அவன் கேட்டது பன்றிக்கறி வேண்டுமா, கோழி வேண்டுமா என்று.

கடைசிக் காட்சிக்கு நாள் குறித்தபோது கோரினுக்கு அந்தத் தீயணைப்புத் தண்ணீரின் புண்ணியத்தில் காய்ச்சல். தூரத்திலிருந்து, முதுகுப்பக்கம் எடுக்கும் ஷாட்டுகளையாவது முடித்துவிடலாம் என்றார் டைரக்டர். லுவெல்லாவைக் கூப்பிட்டுப் பச்சைக் கவுனைக் கொடுத்தார்கள். லாரி எங்களுடைய பழைய லாரி. அதன் கியரை ஆர்விட்டைத் தவிர யாராலும் போட முடியாது. அதனால் கதாநாயகனின் தொப்பியும் சட்டையும் ஆர்விட்டுக்கு வந்தன.

சொல்லிக் கொடுத்தது சுலபம். கூண்டிலிருந்து அவள் வெளியே வர வேண்டும், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், லாரியில் ஏற வேண்டும். லாரி வாசல் தாண்டி, சாலையோரம் ஊன்றிய சிவப்புக் கொடிவரை போய் நிற்க வேண்டும்.

டெல்பர்ட் தன் குதிரைகளுக்கு நடுவே நின்றான். அவனைப் போய்விடச் சொன்னேன். "நான் ஏன் போகணும்? இது என் ராட்டினம்" என்றான்.

ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. லுவெல்லா நடந்தாள், ஏறினாள், லாரி போய்க் கொடியருகே நின்றது. டைரக்டருக்குத் திருப்தி இல்லை. "ரொம்ப வேகமா நடக்குறீங்க, கடைக்குப் போற மாதிரி இருக்கு" என்றார். மறுபடி எடுத்தார்கள். மேகம் வந்துவிட்டது என்றார்கள். மறுபடி. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் லுவெல்லா இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தாள். ஆர்விட் ஸ்டியரிங்கைவிட்டு இறங்கவே இல்லை.

அதற்கடுத்த முறை லாரி கொடியருகே நிற்கவில்லை.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. லாரி கொடியைத் தாண்டியது, சோளக்காட்டுக்கு நடுவே நேராகப் போனது, புழுதி எழும்பி அதை மறைத்தது, அப்புறம் புழுதியும் தூரத்தில் போய்ச் சின்னதாகிவிட்டது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கட்!" என்று கத்திய டைரக்டர் துள்ளிக் குதித்தார். "இதுதான்! இதுதான் எனக்கு வேணும்! யார் சொன்னது அவங்களுக்கு? அற்புதம்!"

சினிமாக்காரர்கள் கை தட்டினார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் கூடக் கை தட்டவில்லை. நாங்கள் டெல்பர்ட்டைப் பார்த்தோம். அவன் வாசல்வரை ஓடினான். அங்கே போய் எதற்கு ஓடி வந்தோம் என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

"பிரேக் பிடிக்கலையோ?" என்று அவன் என்னைக் கேட்டான்.

"இருக்கும்" என்றேன்.

"பிரேக் நேத்துதான் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

"அப்ப பெட்ரோல் போடப் போயிருப்பாங்க."

"சினிமா கவுன் போட்டுக்கிட்டா?"

சினிமாக்காரர்கள் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். டெல்பர்ட் ராட்டினத்துக்குத் திரும்பி வந்து ஒரு குதிரையின் கம்பத்துக்குக் கிரீஸ் போட்டான். போட்ட குதிரைக்கே மறுபடி போட்டான். கிரீஸ் வழிந்து குதிரையின் கழுத்தில் இறங்கியது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன். அவன் என்னைத் தடுக்கவில்லை.

"ஐவா, சலைனாவுல ஏறினது நான் இல்லையா?"

"பாதி ஏறினீங்க டெல்பர்ட்."

"பாதி" என்றான். தனக்குள்ளேயே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

வெயில் சாயும் நேரத்தில் லாரி திரும்பி வந்தது. ஆர்விட் அதை இருந்த இடத்தில் சரியாக நிறுத்தினான். லுவெல்லா இறங்கினாள். பச்சைக் கவுனின் முன்பக்கம் செர்ரிப் பழச் சாறு கொட்டிக் கறையாகியிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். 

டைரக்டர்தான் ஓடிப் போனார். "அம்மா, பிரமாதம்! அதே மாதிரி நாளைக்கு இன்னொரு தடவை போயிடலாமா? பாதுகாப்புக்கு ஒண்ணு கையில இருக்கட்டும்."

"முடியாதுங்க" என்றாள் லுவெல்லா. "ஒரு தடவைக்கு மேல என்னால ஆகாது."

டெல்பர்ட் அவளுக்கு எதிரே வந்து நின்றான். கையெல்லாம் கிரீஸ்.

"சாப்டியா?" என்றான்.

"பை சாப்டேன். செர்ரிப் பழம் வச்சுச் சுடுவாங்களே, அது."

"நல்லா இருந்துச்சா?"

"இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

அவர்கள் இரண்டு பேரும் தாங்கள் குடியிருந்த டிரெய்லர் வண்டிக்குள் போனார்கள். உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லை. சத்தம் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் துணி உலர்த்தும்போது நான் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"ஓடிப் போனியாடி?"

"தெரியல ஐவா. நெசமாத்தான் சொல்றேன். கொடி வந்துச்சு. ஆர்விட் பிரேக்கை மிதிக்கல. நானும் மிதின்னு சொல்லல. கொஞ்ச தூரம் போனதும், எங்க போகணும்னு அவன் கேட்டான். படத்துல எங்க போறாங்கன்னு நான் கேட்டேன். அதோட படம் முடிஞ்சிடுதேன்னான். ரெண்டு பேருக்கும் வழி தெரியல. ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரு கடை இருந்துச்சு. பசிச்சுது. உக்காந்து சாப்டோம்."

"என்ன பேசினீங்க?"

"பேசல. அங்க பரிமாறினவ என் கவுனைப் பாத்துட்டு, புதுசாக் கல்யாணம் ஆனவங்களான்னு கேட்டா. அவன் ஆமான்னான். நான் இல்லன்னேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம்." அவள் ஈரத் துணியை உதறினாள். "அப்புறம் திரும்பி வந்துட்டோம்."

"அவன் மேல உனக்கு ஆசை இருக்கா?"

"அந்தப் பாட்டு ஓடினப்போ இருந்துச்சு. பை சாப்பிடும்போது இருந்த மாதிரி தெரியல. திரும்பி வரும்போது மறுபடி கொஞ்சம் இருந்துச்சு. அதுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

 ஒரு கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன்.

காய்ச்சல் விட்டதும் கோரினே வந்து அந்தக் காட்சியை மறுபடி நடித்துக் கொடுத்தாள். லாரியில் அவள் பக்கத்தில் கதாநாயகன் உட்கார்ந்துகொள்ள, ஆர்விட் கீழே அவர்கள் காலடியில் படுத்துக்கொண்டு கியரைப் போட்டான். கொடிக்குப் பக்கத்தில் சரியாக நின்றது. பிறகு அவர்கள் எல்லாவற்றையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் தெற்கே கிளம்பினோம்.

ஆர்விட் அந்தப் பருவம் முடியும்வரை இருந்தான். லுவெல்லாவோடு முன்பு போலவே, தேவைக்கு மட்டும் பேசினான். டெல்பர்ட்டும் அவனும் முன்பு பேசியதைவிட அதிகமாகக் கூடப் பேசினார்கள், பெரும்பாலும் எஞ்சினைப் பற்றி. இலை உதிரும் காலத்தில், ஒஹையோவில் வேறொரு கார்னிவல் இன்னும் பெரிய வீலுக்கு ஆள் தேடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது என்னிடம் மட்டும் வந்து, "நீங்க அந்த சீட்ல இருந்தீங்க. எனக்கு ஞாபகம் வந்துடுச்சு" என்றான். உண்மையிலேயே ஞாபகம் வந்து சொன்னானா, போகிறவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் எனக்கே குழப்பம்தான். சலைனாவை நினைத்தால் இப்போது எனக்கு மழை பெய்கிறது. அங்கே ஒரு துளி மழை கிடையாது.

குளிர்காலத்தை நாங்கள் எப்போதும் போல மிசூரியில் கழித்தோம். படம் அங்கே வந்தபோது எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். கடைசியில் பச்சைக் கவுன் போட்ட ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனாள். லாரி கொடியிருந்த இடத்தைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் போய் மறைந்தது. தியேட்டரில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். டெல்பர்ட் லுவெல்லாவின் பக்கம் சாய்ந்தான்.

"அது நீயா, அவளா?"

"லாரி நிக்காததைப் பாத்தா நான்தான்" என்றாள் லுவெல்லா. கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நான் அப்படி நடக்க மாட்டேனே."

இரண்டு பேரும் விளக்குப் போடும்வரை எழுந்திருக்கவில்லை. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவன் அவளுடைய கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டான். அவள் தடுக்கவில்லை.

அடுத்த கோடை லுவெல்லா திரும்பவும் கூண்டில் உட்கார்ந்தாள். படம் நன்றாக ஓடியிருந்ததால் எங்களுக்கும் கூட்டம் வந்தது. அயோவாவில் ஒரு நாள் நல்ல உடை உடுத்திய ஒரு பெண்மணி தன் புருஷனோடு டிக்கெட் வாங்க வந்தாள். வாங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் படத்துல காட்டினது உங்க கார்னிவல்தானாமே? இந்தக் கூண்டுலேருந்து ஒருத்தி ஓடிப் போனாளே, அவ அப்புறம் என்ன ஆனா?" என்று கேட்டாள்.

டெல்பர்ட் பக்கத்தில்தான் எண்ணெய்க் குப்பியோடு நின்றுகொண்டிருந்தான். நான் என் குளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் வரலைங்க" என்றாள் லுவெல்லா.

டெல்பர்ட் சிரித்துவிட்டான். அந்தப் பெண்மணி இரக்கத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு குதிரையேறப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அடுத்து நின்றவரிடம் எத்தனை டிக்கெட் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.